மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே

உலகத்தில் மிஞ்சியவற்றின் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. யுத்தத்துக்கு முன்னால் அது ரொம்ப நீளமாக இருந்ததாம். இப்போது தாஜ்மகால் இல்லை, அது நின்ற ஊரும் இல்லை. மேற்கே கல்லும் கண்ணாடியுமாக எழுப்பி வைத்திருந்த எத்தனையோ நகரங்கள் அணுகுண்டு விழுந்த அந்த ஒரு வாரத்தில் போய்விட்டன. நம் பக்கம் குண்டு விழவில்லை. தஞ்சாவூர்க் கோபுரம் நிற்கிறது. எங்கள் நீலகிரி மலை ரயில் பழைய பட்டியலிலும் இருந்தது, புதிய பட்டியலிலும் இருக்கிறது. அப்போது முழு ரயிலும் இருந்தது, இப்போது ஒரே ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குக் காவல் நான்தான். பட்டியலில் சேர்ந்த அந்தப் பெட்டியைக் கெடுத்ததும் நான்தான்.

யுத்தம் வந்தபோது எனக்கு முப்பது வயது. கோயம்புத்தூரை ஒட்டின துடியலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். குண்டு எங்கெங்கோ விழுந்தது, நமக்கு வந்தது அதன் சாம்பல். இரண்டு வருஷம் வெயிலே கிடையாது. நடுமத்தியானத்தில் விளக்குப் பொருத்தி வைத்துச் சாப்பிட்டோம். கரண்ட் போனது, போன் செத்துப்போனது, டீசல் தீர்ந்துபோனது. மலை மேலே இன்னும் மோசம். குளிரில் தேயிலை கருகியது, உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது, குழந்தைகள் வரிசையாகச் செத்தார்கள். மலையிலிருந்து ஜனங்களை இறக்க பஸ் ஓடவில்லை. ஓடியது அந்தப் பழைய நீராவி எஞ்சின் மட்டும்தான், அதற்கு விறகு போட்டால் போதும். சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் பொம்மை வண்டி என்று நானே எத்தனையோ தடவை கேலி பேசியிருக்கிறேன். அந்தப் பொம்மை வண்டிதான் நாற்பது நாள் ஏறி இறங்கி ஜனத்தைக் காப்பாற்றியது.

என் அண்ணன் குன்னூரில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தான். அவனுக்காக நாற்பது நாளும் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நின்றேன். குழந்தைகளும் வயசானவர்களும் முதலில் இறங்க வேண்டும், மற்றவர்கள் பிறகு என்று மேலே ஒரு ஏற்பாடு. அப்படிக் காத்திருந்தவர்கள் கீழே நிற்கிற தங்கள் ஆட்களுக்குச் சேதி எழுதி அனுப்பினார்கள். எதில் எழுதுவது? பெட்டியின் உட்பக்கத்துப் பலகையில், எஞ்சினில் மிஞ்சிய கரியை எடுத்து எழுதினார்கள். வேறு தபால் ஏது அப்போது! 'அப்பாவுக்கு மூச்சு வாங்குது, கம்பளி இருந்தா அனுப்பு.' 'ஆடு ரெண்டையும் வித்துரு.' 'தம்பியைத் தேட வேண்டாம்.' வண்டி வந்து நின்றதும் இறங்குகிறவர்கள் இறங்கி முடிக்கும் முன்னே நாங்கள் உள்ளே பாய்ந்து பலகை பலகையாகத் தேடுவோம்.

நாற்பதாவது நாள் அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்ணா, படிக்கத் தெரியுமுங்களா?"

இருபத்தைந்து வயசிருக்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது, தறிக்காரி என்று பார்த்ததும் தெரிந்தது. எட்டு வயசில் தறிக்குடோனுக்குப் போனவள், பள்ளிக்கூடம் பார்க்கவில்லை என்று பிறகு சொன்னாள். எனக்கு அப்போது எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. நானே அண்ணன் பெயர் கிடைக்காத வயிற்றெரிச்சலில் இருக்கிறேன், இதில் இவள் வேறு. "செத்த நேரம் சும்மா நில்லு தாயே" என்று எரிந்து விழுந்தேன். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு நின்றாள். போகவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதல் பலகையிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டு வாசித்தேன்.

மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே இருந்தது அது. 'கருமத்தம்பட்டி அம்மணிக்கு. இங்கத்த ஊர்ப் புள்ளைகளை ஏத்தி உட்டுட்டு அடுத்த வண்டியில வாரேன்.' பக்கத்தில் ஒரு கரித் தீற்று. கை பட்டுக் கலைந்துபோன அழுக்கு என்றுதான் நினைத்தேன்.

அவள் பலகைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள். "எனக்குத்தானுங்க. மேல டீ ஃபேக்டரிக்கு வேலைக்குப் போன எங்கூட்டுக்காரரு எழுதுனதுங்க" என்றாள்.

"கருமத்தம்பட்டியில இருக்கற பொம்பளைங்க அத்தனை பேரும் அம்மணிதானே. உனக்குன்னு எப்படிச் சொல்றே?"

"எனக்குத்தானுங்க" என்று மறுபடியும் சொல்லிச் சிரித்தாள். அந்த நாற்பது நாளில் அந்த ஸ்டேஷனில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அது.

அன்றைக்கு அந்தப் பெட்டியின் சக்கரம் சூடேறிப் புகைந்துவிட்டது. அதை மட்டும் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மற்றப் பெட்டிகளோடு எஞ்சின் மேலே ஏறிப் போனது. அடுத்த வண்டி வரவில்லை, என் அண்ணனும் வரவில்லை. ஏதோ ஒரு வளைவில் மலை சரிந்து வண்டியைத் தண்டவாளத்தோடு கொண்டுபோய்விட்டது என்று நாலு நாள் கழித்து நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். கேட்ட பிறகும் நாங்கள் போகவில்லை. இன்னும் ஒரு வாரம் அந்த பிளாட்பாரத்தில் நான் ஒரு முனையிலும் அவள் ஒரு முனையிலுமாக உட்கார்ந்திருந்தோம். அவள் தினமும் புருஷனுக்கென்று தூக்குப்போசியில் கம்பஞ்சோறு கொண்டுவருவாள், சாயந்திரம் அப்படியே திருப்பி எடுத்துப்போவாள். கடைசி நாள் என்னிடம் வந்து, "பசிக்குமுங்ணா, பாதி பாதி சாப்பிட்டுக்கலாமுங்க" என்றாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சாப்பிட்டோம்.

அப்புறம் மெல்ல வெயில் வந்தது. பட்டியல்காரர்களும் வந்தார்கள். உலகத்தில் எது எது தப்பித்திருக்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்துக் குறித்துக்கொண்டு போன கூட்டம் அது. எங்கள் பக்கத்துக்கு வந்தது ஒரு அதிகாரி அம்மா. பெட்டிக்குள் ஏறி, பலகையைப் பார்த்து, ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. இது ரயிலுக்காக மட்டும் இல்லை, இந்த எழுத்துக்காகவும் காப்பாற்ற வேண்டியது என்று எழுதிக்கொண்டார். பெட்டியைத் தட்டு வண்டியில் ஏற்றி, பெரிய தண்டவாளத்தில் மாடு கட்டி இழுத்துத் துடியலூரில் மூடிக்கிடந்த ஒரு மில்லின் குடோனுக்குக் கொண்டுவந்தோம். பட்டறையில் வேலை குறைந்துபோயிருந்த என்னைக் காவலுக்குப் போட்டார்கள்.

போட்டோ எடுக்க ஃபிலிம் கிடையாது. அதனால் அந்த அம்மா எல்லா வரிகளையும் ஒரு நோட்டில் எழுதி என்னிடம் ஒரு பிரதி கொடுத்தார். எனக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான்: எதையும் சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நான் தலையை ஆட்டினேன். எந்த மெஷினையும் கொஞ்சம் தட்டிக் கொட்டிச் சரிபண்ணாமல் இருக்க முடியாத ஆள் நான். இருந்தாலும் இருபது வருஷம் அந்த விதியை மீறவில்லை.

இருநூற்றுச் சொச்சம் வரிகள் அந்தப் பலகையில். அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஒன்றுகூட என் அண்ணன் எழுதியது இல்லை. படுபாவி, ஒரு வார்த்தை எழுதினால் கையா தேய்ந்துவிடும்? அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. ஊரார் வீட்டுச் சேதிக்கெல்லாம் காவல் இருக்கிறேனே, எனக்கென்று ஒரு எழுத்தில்லையே என்று பல நாள் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து பொருமியிருக்கிறேன்.

அவள் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். கைத்தறிக்கு அன்றைக்கு லீவு. கருமத்தம்பட்டியிலிருந்து கரியில் ஓடுகிற பஸ் ஒன்று உண்டு, அதில் வந்து இறங்கும்போதே முகமெல்லாம் புகை அப்பியிருக்கும். முகம் கழுவிக்கொண்டு பெட்டிக்குள் ஏறுவாள். "படிங்கண்ணா" என்பாள். நான் படிப்பேன். படிக்கும்போது வலது கைக் கட்டைவிரலை அந்தக் கரித் தீற்றுக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டிருப்பாள், பலகையில் படாமல், ஒரு நூல் இடைவெளி விட்டு. தொடக் கூடாது என்று நான் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். எதற்காக விரலை நீட்டுகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஏதோ அவள் வழக்கம் என்று விட்டுவிட்டேன். இருபது வருஷத்தில் அவள் புருஷன் செத்துவிட்டான் என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னும் வரலீங்க" என்பாள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஆயுதபூஜை என்றால் சும்மா இல்லை. தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்காதவன்கூட ஆயுதபூஜைக்கு லேத்தைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுச் சந்தனம் வைப்பான். கழுவாத மெஷினுக்குப் பொட்டு வைத்தால் வருஷம் பூராவும் மனசு உறுத்தும். பெட்டிக்கும் அப்படித்தான். ஜன்னல் பலகைகளை இறுக்கிச் சாத்திவிட்டு, வெளிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, சக்கரத்துக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைப்பேன். உள்ளே துணிகூடக் கொண்டுபோக மாட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் பகுதிக்குக் கரண்ட் வந்தது. இருபது வருஷம் கழித்து! பக்கத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறவர் குழந்தை மாதிரி குதித்தார். தன் கையால் கம்பிச்சுருள் சுற்றிக் கட்டின தண்ணி மோட்டாரைப் பூஜையன்று காலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏனுங்க, இன்னுமா ஈரத்துணி? ஓஸைப் புடிச்சுத் தண்ணிய ஒரு அடி அடிச்சா பெட்டி புதுசாட்ட ஆயிருமுங்க."

மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டால் கோயம்புத்தூர்க்காரனுக்குக் கால் தரையில் நிற்காது. நான் மட்டும் விதிவிலக்கா? ஓஸை வாங்கி நானே பிடித்தேன். அடேங்கப்பா, என்ன வேகம்! துணி எட்டாத இடத்து இருபது வருஷத்துத் தூசி பறந்தது. நீல நிறம் பளிச்சென்று வெளியே வந்தது. "உள்ள தண்ணி போயிராதுங்களா?" என்று அவர்தான் கேட்டார். "நான் சாத்துன ஜன்னலுங்க, காத்துக்கூடப் போவாது" என்றேன். எனக்கு அந்தத் திமிர் எப்போதும் உண்டு. மரம் காய்ந்து இடுக்கு விட்டிருக்கும் என்று லேத்காரனுக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லை.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கருகருவென்று ஒழுகியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அழுக்குப் போவுது பாருங்க!" என்று சொல்லிச் சிரித்தேன். இதை எழுதும்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சந்தனம் வைத்தோம், பொரியும் கடலையும் படைத்தோம், பூசணிக்காய் உடைத்தோம். எல்லாம் முடிந்த பிறகு உள்ளே கற்பூரம் காட்டலாம் என்று கதவைத் திறந்தேன். பலகைகள் ஈரத்தில் மினுமினுத்தன. நாலு பக்கமும் வெறும் சாம்பல் நிறம். வரிகள் எல்லாம் கீழே வழிந்து, தரையில் கறுப்புக் குட்டையாகத் தேங்கி நின்றன. முதலில் ஓடிப் பார்த்தது மூன்றாவது ஜன்னலைத்தான். ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில், ஒரே ஒரு கணம், 'இப்ப எல்லாரும் என்னை மாதிரி ஆயிட்டாங்க' என்று மனசுக்குள் ஓடியது. அப்படி நினைத்ததற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவள் வருகிற ஞாயிறு. நடுவில் நாலு நாள்தான் இருந்தது. அதிகாரி அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம், வேலை போனாலும் போகட்டும். அவளுக்கு என்ன சொல்வது? நாலாவது நாள் மத்தியானம் நோட்டுப் பிரதியை எடுத்தேன். அவள் வரி அதில் ஒரு எழுத்து விடாமல் இருந்தது. எழுத்தின் சாய்வும் எனக்குத் தெரியும், இருபது வருஷம் பார்த்த கண் பொய் சொல்லாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, எழுத்து இருந்த இடம்தான் தெரியும். அந்த இடத்தில் அந்த வரி இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அடுப்புக் கரியைத் தேய்த்து, மெல்ல, மூச்சைப் பிடித்து எழுதினேன். தத்ரூபமாக வந்தது.

அந்தத் தீற்று மிச்சம் இருந்தது. அது என்னவாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அவள் கட்டைவிரலை நீட்டுவாளே, அப்படியானால் அது புருஷனின் கட்டைவிரல் அடையாளமாக இருக்க வேண்டும். அவசரத்தில் சரியாகப் பதியவில்லை போல. நான் வாழ்நாள் பூராவும் லேத்தில் நின்றவன், அரைகுறை வேலை எனக்கு ஆகாது. என் கட்டைவிரலைக் கரியில் அழுத்தி, பலகையில் நேராக வைத்து எடுத்தேன். ரேகை ரேகையாக விழுந்தது. நன்றாக வந்துவிட்டது என்று திருப்திகூடப் பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். முகம் கழுவிக்கொண்டு ஏறினாள். மற்றப் பலகைகள் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்து நின்றாள். "மழைத் தண்ணி எறங்கிருச்சு" என்றேன். "ஐயோ, எத்தன பேரு எழுதுனதுங்ணா" என்றாள். பிறகு மூன்றாவது ஜன்னலுக்கு வந்தாள். "நம்முளுது இருக்குதுங்க" என்றபோது அவள் குரலில் அத்தனை ஆறுதல்.

"படிங்கண்ணா."

படித்தேன். அவள் கட்டைவிரலை நீட்டினாள். நீட்டிய விரல் அப்படியே நின்றது. பலகையையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தியே டீ ஃபேக்டரியில ரோலரு கடிச்சுப்போட்டுதுங்க" என்றாள். "அவருக்குக் கட்டை வெரலு பாதிதானுங்க. அதை வெச்சுத்தானுங்க அன்னிக்கு எனக்கு எழுதுனதுன்னு தெரிஞ்சுது. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியுமுங்களே, அதுக்குத்தான் வெரலை வெச்சு உட்டிருந்தாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செத்தவருக்கு வெரலு மொளைக்குமுங்களாண்ணா?"

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வழி கேட்கிறவள் மாதிரி அத்தனை பதவிசாகக் கேட்டாள். இருபது வருஷமாகச் சொல்லாத அந்தச் சொல்லையும் அன்றைக்குத்தான் சொன்னாள். நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார், ஓஸ், கறுப்புத் தண்ணீர், நான் சிரித்தது, அடுப்புக் கரி, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே முந்தானையை எடுத்தாள். இருபது வருஷம் தொடாத பலகையை முதல் தடவையாகத் தொட்டாள். என் விரல் அடையாளத்தைத் துடைத்தாள். பிறகு என் எழுத்தையும் துடைத்தாள், அவசரமில்லாமல், ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரைக்கும்.

"நீங்க வேணும்னு செய்யலீங்க" என்றாள். கரி பட்ட முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "வாரேனுங்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த மாசம் வரவில்லை. அதற்கடுத்த மாசமும் வரவில்லை. இந்த மூன்று வருஷமாக வரவே இல்லை. அதிகாரி அம்மா வந்தபோது எதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை, நோட்டில் குறித்துக்கொண்டு போனார். வேறு ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ, என்னையே காவலுக்கு விட்டு வைத்திருக்கிறார்கள். பெட்டி இப்போதும் பட்டியலில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே காட்டி இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், ஒருத்தர் தன் பெண்டாட்டிக்குச் சேதி எழுதியிருந்தார், நான் கழுவிவிட்டேன் என்று சொல்கிறேன்.

போன மாசம் மனசு கேட்காமல் கரி பஸ் ஏறிக் கருமத்தம்பட்டிக்குப் போனேன். ஒரு தறிக்குடோன் வாசலில் போய் நின்ற பிறகுதான், அவள் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது உறைத்தது. தறிச் சத்தத்தில் காது அடைத்தது. வேறு வழி தெரியாமல், "அம்மணி!" என்று கத்திக் கூப்பிட்டேன். உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் அவள் இல்லை.